பறவைக்கும் காமிராவுக்கும் இடையே

பறவைகளைப் படம் பிடிக்கும் வாய்ப்பு சில செல்வந்தர்களுக்கும் காட்டிலாகா உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டுமே கைகூடிய காலம் போய், பள்ளி ஆசிரியரும் வங்கிக் குமாஸ்தாவும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரும் விடுமுறை நாட்களில் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைகளை நாடிப் புறப்படும் காலம் வந்திருப்பது மிகவும் மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால் இக்கலையில் புதிதாக இறங்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால், அவர்களுடைய கவனம் பெரும்பாலும் கருவியின் மேலேயே நிலைத்திருப்பது புலப்படும். எந்த லென்ஸ் சிறந்தது, எந்தக் காமிரா விநாடிக்கு எத்தனை படம் எடுக்கும் என்பவை அவசியமான கேள்விகளே. எனினும் அவற்றுக்கெல்லாம் ஆதாரமாக வேறொரு கேள்வி உண்டு. எதிரே இருக்கும் இந்தப் பறவை, தன்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு மனிதனைப் பொறுத்துக்கொள்ளும்? ஒளியியலும், காற்றின் இயல்பும், பறவையின் கண்ணமைப்பும், அதன் சுபாவமும், சில ஊர்களில் பரம்பரையாக வந்த வழக்கமும் ஒன்றுகூடி விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. பறவைப் படக்கலையின் சாஸ்திரம் முழுவதும் இந்தத் தூரத்தைப் பற்றியதே என்பது என் துணிபு.

முதலில் ஒளியியலின் கணக்கைப் பார்ப்போம். லென்ஸின் குவியத் தூரத்தைப் பொருளின் நீளத்தால் பெருக்கி, பொருள் நிற்கும் தூரத்தால் வகுத்தால், காமிராவினுள் விழும் பிம்பத்தின் நீளம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். முற்றத்தில் இரை பொறுக்கும் மைனாவின் நீளம் சுமார் 23 சென்டிமீட்டர். அது 10 மீட்டர் தூரத்தில் நிற்கையில், சாதாரணமான 50 மில்லிமீட்டர் லென்ஸால் படமெடுத்தால், அதன் பிம்பம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்; 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் அது வெறும் ஒரு புள்ளி. 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸை மாட்டினால் பிம்பம் 9 மில்லிமீட்டராக வளரும். அதே லென்ஸுடன் 5 மீட்டர் வரை நெருங்க முடிந்தவருக்கோ 18 மில்லிமீட்டர் பிம்பம் கிடைக்கும். நீளம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால், இறகின் நுட்பங்களைப் பதிக்க நான்கு மடங்கு இடம் கிடைத்ததாகக் கொள்ளலாம். ஆகவே, பிம்பத்தின் அளவைப் பொறுத்தவரை, தூரத்தைப் பாதியாகக் குறைப்பதும் லென்ஸின் குவியத் தூரத்தை இரட்டிப்பதும் ஒரே பலனைத் தருவன. பின்னதற்குச் சாதாரணக் குடும்பத்தார் நினைத்துப் பார்க்க இயலாத விலை கொடுக்க வேண்டும். முன்னதற்குப் பறவையின் சம்மதம் ஒன்றே வேண்டும்.

நீண்ட லென்ஸைக் கொண்டு தூரத்திலிருந்தே எடுத்துவிடலாம், அல்லது எடுத்த படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், இடையில் இருக்கும் காற்றை மறந்துவிடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு, உப்பளத்தின் மேலோ வற்றிய ஏரிப்படுகையின் மேலோ தரையை ஒட்டிய காற்று சூடேறி எழும்பும்போது, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அப்பால் நிற்கும் பறவையின் உருவம் நெளிந்து நெளிந்து தோன்றுகிறது. இந்தக் கானல் அலைவை எந்த லென்ஸாலும் திருத்த இயலாது. லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுமோ அவ்வளவுக்கு அலைவையும் பெரிதாக்கியே காட்டும். விலையுயர்ந்த கருவியுடன் நண்பகலில் பூநாரைக் கூட்டத்தைப் படமெடுத்து வந்து, படங்கள் தெளிவில்லாமல் இருப்பதற்குக் கருவியின் மேல் பழி போடுகிறவர்கள் பலர். பழி காற்றினுடையது. அதற்குப் பரிகாரம் இரண்டே: இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பது, அல்லது தரை குளிர்ந்திருக்கும் வேளையில் போவது.

நெருங்குவதற்கும் ஒரு விலை உண்டு. 400 மில்லிமீட்டர் லென்ஸில், அபெர்ச்சரை 5.6 என்ற அளவில் வைத்து, 5 மீட்டர் தூரத்திலிருந்து படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். மைனாவின் கண் கூர்மையாக விழுந்தால் வாலின் நுனி மங்கியிருக்கும். இதனாலேயே கண்ணை மையமாகக் கொண்டு குவிக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதியாயிற்று. கண் தெளிவாக இருந்தால் மற்றவை மங்கியிருந்தாலும் உயிருள்ள ஒன்றைப் பார்ப்பதாகவே மனம் ஏற்றுக்கொள்கிறது. பறக்கும் பறவையின் விஷயத்தில் காலமும் வந்து சேர்ந்துகொள்கிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் நாரை, ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்து மூடுவதற்குள் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதே லென்ஸில், 20 மீட்டர் தூரத்தில் அது பிம்பத்தில் 0.2 மில்லிமீட்டர் இழுப்பாக விழும், படம் கெடுவதற்கு அது போதும். ஆகவே பறவை செல்லும் திசையிலேயே லென்ஸையும் சீராகத் திருப்பிக்கொண்டு, திருப்பும்போதே ஷட்டரை அழுத்தப் பழக வேண்டும். அப்போது உடல் நிலைத்துவிடும், சிறகின் நுனி மாத்திரம் சற்றே கலைந்து பறத்தலின் வேகத்தைக் காட்டி நிற்கும்.

இந்தக் கலையின் சரித்திரமும் தூரத்தோடு மனிதன் நடத்திய போராட்டமாகவே இருந்துவந்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ழூல் மாரே, துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்து, பறக்கும் பறவையைக் குறிபார்த்து விநாடிக்கு 12 படங்கள் எடுத்தார். சிறகு எவ்வாறு மேலெழுந்து கீழிறங்குகிறது என்பதை மனிதக் கண் முதன்முறையாகப் பகுத்துக் கண்டது அத்தகைய படங்களிலேதான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலே பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்ததில் தொடங்கி, 1895-இல் முழுவதும் புகைப்படங்களாலேயே விளக்கப்பட்ட பறவைக் கூட்டு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். அக்காலத்து லென்ஸ்களால் தூரத்துப் பொருளைப் போதிய அளவு பெரிதாக்க இயலாதாகையால், பறவை அறியாமல் அதன் அருகே போய்ச் சேர்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. எனவே பொய்யான மரத்தண்டுக்குள் ஒளிந்தார்கள், உள்ளே குடைந்தெடுத்துப் பாடம் செய்த காளை மாட்டின் உடலுக்குள்ளும் புகுந்து மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுடைய கருவிகள் இன்று பொருட்காட்சிச் சாலைக்கு உரியவை. ஆனால் பறவையின் பார்வையிலிருந்து மனித உருவத்தை மறைப்பதே முதற்காரியம் என்று அவர்கள் கண்ட உண்மை சற்றும் பழசாகவில்லை.

அந்தப் பார்வை எத்தகையது? பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே முன்னும் பக்கமும் பின்புறத்தின் பெரும் பகுதியும் அவற்றுக்குத் தெரிகின்றன. மனிதக் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளியைப் பல பறவைகள் காண்கின்றன. அதைவிடவும் நமக்கு முக்கியமானது அசைவை உணரும் சக்தி. விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் மினுக்கும் விளக்கை நம் கண் இடைவிடாத ஒளியாகவே காண்கிறது. சிறு பறவைகள் சிலவோ நூறு தடவைக்கு மேலான மினுக்கத்தையும் தனித்தனியாகப் பகுத்துணர வல்லவை. நாம் மெதுவாகச் செய்ததாக நினைத்துக்கொள்ளும் கையசைவு அவற்றுக்கு மெதுவானதன்று. ஆகையால் பச்சைப் புள்ளியிட்ட சட்டை அணிவதில் காட்டும் சிரத்தையைக் காட்டிலும், முக்காலியை விரிக்கும் விதத்திலும் லென்ஸை உயர்த்தும் விதத்திலும் காட்டும் நிதானம் அதிகப் பலன் தரும்.

மிருகங்களும் பறவைகளும் மனிதனைக் கண்டு ஓடத் தொடங்கும் தூரத்தை ஓர் அளவாகக் கொண்டு ஆராய்ந்து விளக்கியவர், ஸ்விட்சர்லாந்து நாட்டு மிருகக்காட்சிச் சாலைகளின் தலைவராக இருந்த ஹைனி ஹெடிகர் என்னும் விலங்கியல் அறிஞர். ஒவ்வோர் இனத்துக்கும் அந்தத் தூரம் வேறு. பொதுவாக உருவில் பெரிய பறவைகள் அதிகத் தூரத்திலேயே எழும்பிவிடும், சிறியவை நெருங்கவிடும். ஒரே இனத்துக்குள்ளும் நகரத்தில் வாழ்வது கிராமத்துக்கு வெளியே வாழ்வதைக் காட்டிலும் மனிதனை அதிகம் பொறுத்துக்கொள்ளும். வேட்டையாடப்பட்ட இடத்தில் தூரம் விரியும். காப்பாற்றப்பட்ட இடத்தில் சுருங்கும். நேராகத் தன்னை நோக்கி, தன் மேலேயே கண் வைத்து வருகிற மனிதனைக் கண்டு முன்னதாக எழும் பறவை, வேறெங்கோ போகிறவன் போலச் சாய்வாக நடந்து, நின்று, மீண்டும் நடப்பவனைச் சகித்துக்கொள்வதைப் பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அது எழுவதற்கு முன் அறிவிப்பும் கொடுக்கும்: இரை கொத்துவதை நிறுத்தும்; கழுத்தை நீட்டும்; இறகுகளை உடலோடு ஒட்டிக்கொள்ளும்; பருந்து முதலியவை எச்சமிட்டு உடலைச் சற்று முன்னே சாய்க்கும். இந்த அறிகுறிகளைக் கண்டவுடன் அசையாமல் நின்றுவிட வேண்டும், முடிந்தால் இரண்டடி பின்வாங்க வேண்டும். அப்படிப் பின்வாங்கத் தெரிந்தவரே கடைசியில் நெருங்கத் தெரிந்தவராகிறார்.

இந்தப் பாடத்தைக் கற்பதற்கு வீட்டைக் காட்டிலும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. வீட்டைச் சுற்றி வாழும் பறவைகள் நம்மைத் தினந்தோறும் பார்த்துப் பழகியவை. அவை விதிக்கும் தூரம் மிகவும் குறைவு. முருங்கையோ செம்பருத்தியோ வாழையோ உள்ள கொல்லைப்புறத்துக்கு ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வராமல் இருப்பது அரிது. வாழைப்பூவின் மடல் விரிந்திருக்கும் நாட்களில் அது குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து தேன் குடிப்பதால், அடுத்த முறை எங்கே அமரும் என்பதை முன்கூட்டியே ஊகித்து லென்ஸைக் குவித்து வைக்க முடியும். பறவையைப் பின்தொடர்வதை விட்டுப் பறவை வரும் இடத்தில் காத்திருக்கும் இந்த முறையே உயர்ந்தது. பாதி மூடிய ஜன்னல் கதவும் ஒரு பழைய திரைச்சீலையும் கியர்ட்டன் சகோதரர்களின் காளை மாட்டுக்கு ஒப்பான மறைவிடம். கோடையிலே மதில்சுவரின் நிழலில், கொசு முட்டையிட்டுப் பெருகாதபடி தினமும் மாற்றிய தண்ணீருடன் அகலமான மண்சட்டி ஒன்றை வைத்துவிட்டால், சின்னானும் தையல்சிட்டும் குண்டுக்கரிச்சானும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் குளிப்பதற்கே வரும். குளிக்கும் பறவை இறகை எப்படி விரிக்கிறது, எந்த வரிசையில் உலர்த்துகிறது, ஒன்று குளிக்கையில் மற்றொன்று எங்கே காவல் இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சட்டியருகே தெரியும். புதியவர்கள் தொலைதூர வனங்களுக்குப் பிரயாணம் செய்வதற்கு முன், வீட்டுப் பறவை ஒன்றை ஓராண்டு முழுவதும் தொடர்ந்து படமெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்க காலத்தில் கருநீலமாக ஜொலித்து, பிறகு அவ்வண்ணத்தை இழந்து, பெண்ணைப் போன்ற மங்கிய உடையில் நெஞ்சிலே ஒரு கருங்கோட்டுடன் திரிவதை, மாதவாரியாக எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தவர் ஒருபோதும் மறக்கமாட்டார்.

வண்ணத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்பதை அறியாமல் பறவையின் நிறத்தைப் படத்தில் கொண்டுவர முடியாது. காக்கையின் கருமை இறகிலுள்ள மெலனின் என்னும் நிறமியால் வருவது. மாங்குயிலின் மஞ்சளும் பூநாரையின் இளஞ்சிவப்பும் அவை உண்ணும் உணவிலிருந்து சேரும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருவன. ஆனால் மீன்கொத்தியின் முதுகிலும் பனங்காடையின் சிறகிலும் உள்ள நீலத்துக்கு அத்தகைய நிறமி எதுவும் இல்லை. இறகின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் நிறைந்த அமைப்பு, வெள்ளொளியிலிருந்து நீலத்தை மட்டும் வலுப்படுத்தித் திருப்பியனுப்புவதால் தோன்றும் நிறம் அது; இறகைப் பொடியாக அரைத்துவிட்டால் நீலமும் மறைந்துவிடும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் ஸர் சி. வி. ராமன், நோபல் பரிசு பெற்ற சில ஆண்டுகளுக்குள், 1934-இல், பனங்காடையின் இறகை ஆராய்ந்து பறவைகளின் வண்ணத்துக்குக் காரணம் யாது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார் என்பதை, தந்திக் கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடையைப் படமெடுப்போர் அறிந்திருப்பது நல்லது. தேன்சிட்டின் தொண்டையில் மின்னும் ஊதாவோ இன்னொரு வகை. அங்கே மெலனின் துணுக்குகள் அடுக்கடுக்காக அமைந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே ஒளியை வாரி வீசுகின்றன. பறவை தலையை ஒரு விரற்கடை திருப்பினால் ஊதா போய்க் கருமை வந்துவிடும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னே இருக்க, பறவை நம் பக்கம் திரும்பும் க்ஷணத்துக்காகக் காத்திருப்பவருக்கே அவ்வொளி அகப்படும்.

காலையும் மாலையும் சிறந்தவை என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம், தாழ்ந்திருக்கும் சூரியனின் ஒளி வளிமண்டலத்தினூடே நெடுந்தூரம் பயணம் செய்து, நீலத்தை வழியிலே சிதறவிட்டு, பொன்னிறமாகி, பறவையின் நிழலைக் கழுத்தடியில் விழவிடாமல் பக்கத்தில் விழச்செய்வதே. ஆனால் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ச் மாத நடுவில் சென்னையில் சூரியன் உதித்த ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 15 பாகை உயர்ந்துவிடுகிறது. லண்டனில் அதே உயரத்தை எட்ட ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுவதால், இந்த இனிய ஒளி நமக்குக் கிடைக்கும் நேரம் அவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. உதயத்துக்கு அரை மணிக்கு முன்பே இடத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒளியின் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காமிரா தன் எதிரே உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளப்பதால், கருநிறத் தண்ணீரின் முன்னே நிற்கும் வெண்கொக்கு இறகின் அமைப்பே தெரியாமல் வெளிறிப்போகும். வானத்தின் முன்னே உள்ள காக்கை வெறும் கரிய நிழலாகிவிடும். முன்னதற்கு ஒளியைக் குறைத்தும் பின்னதற்குக் கூட்டியும் கொடுப்பது கருவியின் வேலையன்று, மனிதனின் வேலை.

வெளியூர்ப் பிரயாணத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியில், நவம்பர் முதல் மார்ச் வரை, நீரில் நிற்கும் கடம்ப மரங்களின் மேல் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் நெருக்கமாகக் கூடு கட்டி வாழ்வதையும், ஏரிக்கரையிலே குழந்தைகளும் பெரியவர்களும் கூட்டங்கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தாலும் அவை பொருட்படுத்தாமல் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதையும் பார்ப்போர் வியக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயல்களுக்கு உரமாகிறது என்பதை அறிந்த அவ்வூர்க் குடிகள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றார்கள். அரசாங்கங்கள் சரணாலயம் என்ற பெயரை வைப்பதற்கு முன்பே குடிகள் வைத்த காவல் அது. திருநெல்வேலி ஜில்லாவில் நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்தில், வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. சிவகங்கை ஜில்லாவின் வேட்டங்குடியை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் கலையும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. இவ்வூர்களில் நமக்கு எளிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு படத்திலும், நாம் பார்த்தறியாத எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த தியாகம் அடங்கியிருக்கிறது. ஹெடிகர் அளந்த தூரத்தைக் குறைத்துக் கொடுத்தவர்கள் அவர்களே.

கொடியக்கரையின் நிலைமை வேறு. அங்கே சேற்றுப்பரப்பிலும் உப்பளங்களிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான் இனங்களில், இருபத்தைந்து கிராம் எடைகூடத் தேறாத கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய தூந்திர வெளியிலே குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம்மிடம் வருகிறது. திரும்பிப் போவதற்கு வேண்டிய கொழுப்பை, சேற்றில் பொறுக்கும் சிறு புழுக்களையும் பூச்சிகளையும் கொண்டு, சில வாரங்களில் அது சேர்த்துக்கொள்ள வேண்டும். பறக்கும் கூட்டத்தின் படம் அழகாக இருக்கும் என்பதற்காக, கையைத் தட்டியோ கூட்டத்துக்குள் ஓடியோ அவற்றை எழுப்புகிறவர்கள், அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறார்கள். இதை நான் குற்றம் என்றே சொல்வேன். தானாக எழும் வேளை வரும். வல்லூறோ சேற்றுப்பருந்தோ மேலே தோன்றினால், அல்லது ஓதம் பெருகி நிற்குமிடத்தை மூடினால், கூட்டம் முழுவதும் ஒருங்கே எழுந்து திரும்பும். அதற்காகக் காத்திருப்பவரின் படத்தில் பறவைகள் பறப்பதற்குரிய காரணமும் சேர்ந்து பதிவாகிறது.

வனங்களில் வண்டியே நல்ல மறைவிடம். முதுமலையிலோ பரம்பிக்குளத்திலோ பாதையோரத்தில் மேயும் புள்ளிமான்கள், நின்றிருக்கும் ஜீப்பைப் பாராமல் மேய்ந்துகொண்டே இருக்கும். ஒருவர் இறங்கிக் காலைத் தரையில் ஊன்றியவுடன் தலைகள் அனைத்தும் நிமிரும். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் உருவத்தையே அவை பயத்தோடு சேர்த்துக் கற்றிருக்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி அரிய கட்டுரைகள் எழுதிய சென்னை மா. கிருஷ்ணன், வளர்ப்பு யானையின் மேல் அமர்ந்து காட்டுக்குள் சென்று மிருகங்களைப் படமெடுத்தது இதே தத்துவத்தை அனுசரித்துத்தான். யானையின் உருவத்திலும் வாசனையிலும் மனிதன் மறைந்துபோகிறான். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான காமிராவால், கறுப்பு வெள்ளையிலே அவர் எடுத்த படங்களைப் பார்க்கிறவர்களுக்கு, மிருகத்தின் வாழ்க்கையை அறிந்தவனுக்குக் கருவியின் குறை பெருங்குறையாகாது என்பது பிரத்தியட்சமாகும்.

கூடுகளைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டில் அமர்ந்த பறவை ஓடாது, ஆகவே எளிதில் படமெடுக்கலாம் என்பது புதியவர்களின் எண்ணம். அது ஓடாமல் இருப்பதற்குக் காரணம் பயமின்மையன்று. முட்டையை விட்டுப் போக மனமில்லாமை. கியர்ட்டன் காலத்தில் பறவைகளின் வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரியாதிருந்ததால் கூட்டுப் படங்களுக்கு ஓர் ஆராய்ச்சிப் பயன் இருந்தது. இன்று பெரும்பாலான சாதாரணப் பறவைகளின் விஷயத்தில் அந்தப் பயனும் இல்லை. மறைக்கும் கிளைகளை ஒடித்தும் வளைத்துக் கட்டியும் கூட்டைத் திறந்துவிடுகிறவர்கள், நம் நாட்டு வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு சற்று நேரத்துக்கு மேல் தாங்காது என்பதை அறியார்கள். தாய் எழுந்து போன கூட்டை முதலில் கண்டுகொள்வது காக்கை. மனிதன் அடிக்கடி நின்று பார்க்கும் புதரை அது கவனித்துக்கொண்டே இருக்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து, தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாகப் பறவையை நம்பவைத்து வெளியே இழுப்பதும், இரவில் ஆந்தையின் முகத்தில் திரும்பத் திரும்ப மின்னொளி பாய்ச்சுவதும் இதே இனத்தைச் சேர்ந்த காரியங்கள். சரணாலயங்களுக்குள் படமெடுப்பதற்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். ஆனால் அனுமதி தேவைப்படாத நம் வீட்டு வேலியிலும் கூட்டுக்கு அதே மரியாதை உண்டு.

பொழுதுபோக்காகத் தொடங்கும் இந்தப் படங்கள் விஞ்ஞானத்துக்கும் உதவக்கூடும், தேதியும் இடமும் சேர்ந்திருந்தால். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விடப்பட்ட வரித்தலை வாத்துகள், இமயத்தைத் தாண்டி வந்து தென்னிந்தியக் குளங்களில் இறங்கியபோது, பட்டையிலுள்ள எழுத்துகளைப் படத்திலே படித்து அவை எங்கிருந்து வந்தவை என்பதைக் கூறியவர்களுள் சாதாரண ஆர்வலர்களும் உண்டு. பறவையைப் பிடிக்காமல், தொடாமல், தூரத்தில் நின்றபடியே அதன் பிரயாணத்தை அறிந்துகொள்ளும் வழி இது. உள்ளான்களின் காலிலும் இத்தகைய வளையங்களும் வண்ணக் கொடிகளும் இருப்பதுண்டு; அவற்றைக் கண்டால் பறவை முழுவதையும் ஒரு படமும், காலை மட்டும் தெளிவாக இன்னொரு படமும் எடுப்பது நல்லது. ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவேடுகளில் எவரும் தம் படத்தையும் குறிப்பையும் சேர்க்கலாம். அரிய பறவையின் கூடு இருக்குமிடத்தை மட்டும் அவற்றிலும் வேறெங்கும் வெளியிடலாகாது. ஒருவர் எழுதிய இடக்குறிப்பைக் கண்டு மறுநாள் ஐம்பது பேர் வந்து நிற்பதைப் பறவை தாங்காது.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட பறவைகளையெல்லாம் எண்ணி எழுதினால் போதும். மொட்டை மாடியும் தெருமுனையும் கோயில் குளமும் அதற்குத் தகுந்த இடங்களே. காமிரா வைத்திருப்பவர்கள் அடுத்த பொங்கலுக்கு அதில் கலந்துகொண்டு, பெயர் தெரியாத பறவையைப் படமெடுத்து, தெரிந்தவர்களிடம் காட்டிப் பெயரைக் கேட்டு, பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.